மாத்திரையால் எடை கூடுகிறது, அழுகை வருகிறது... நிறுத்திவிடலாமா?

கேள்வி: எனக்கு 32 வயது. பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். ஒற்றைத் தலைவலிக்கு நரம்பியல் டாக்டர் ஃப்ளூனாரிசின் 10 மி.கி. மாத்திரையை இரவில் போடச் சொன்னார். 4 மாதமாகிறது. தலைவலி முன்னைவிடப் பரவாயில்லை. ஆனால் எடை 5 கிலோ கூடிவிட்டது, காலையில் தூக்கம் தெளிவதே இல்லை, காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. வலி வந்தால் மெடிக்கலில் வாங்கி வைத்திருக்கும் மாத்திரையைப் போட்டுக்கொள்வேன், வாரத்துக்கு மூன்று நாளாவது. கூட வேலை பார்க்கும் அக்கா டோபிராமேட் சாப்பிட்டு இளைத்துவிட்டார். அதைக் கேட்டு வாங்கலாமா? இரண்டாவது குழந்தைக்கும் முயற்சி செய்கிறோம். இங்கிலீஷ் மருந்தே வேண்டாம் என்கிறார் மாமியார்.
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் மூன்று தொந்தரவுகளுக்குமே ஃப்ளூனாரிசின் காரணமாக இருக்கலாம். எடை, தூக்கம் இரண்டையும் பேசிச் சரிசெய்துகொள்ளலாம். அந்த அழுகையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இந்த மருந்து சிலருக்கு மனச்சோர்வைக் கொண்டுவரும். ஏற்கெனவே மனச்சோர்வு வந்தவர்களுக்கு இதைக் கொடுக்கவே மாட்டோம். முதல் குழந்தை பிறந்த சமயத்தில் உங்களுக்கு அப்படி ஏதாவது இருந்ததா? அதை டாக்டரிடம் சொன்னீர்களா? அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் இந்த வாரமே போய்ப் பாருங்கள். வாழ்வே வேண்டாம் என்பதுபோல் எண்ணம் வந்தால் உடனே வீட்டில் சொல்லுங்கள், 14416-க்கு (டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண்) இலவசமாகப் பேசலாம். மருந்தை மாற்றினாலும் ஃப்ளூனாரிசின் உடம்பை விட்டுப் போக சில வாரங்கள் பிடிக்கும். மறுநாளே மாற்றம் தெரியவில்லையே என்று கலங்க வேண்டாம்.

உண்மையில் என்னைக் கவலைப்பட வைத்தது மெடிக்கல் மாத்திரைதான். அந்த அட்டையைத் திருப்பி, பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். தலைவலிக்கென்று கேட்டால் நம் ஊரில் கை நீட்டித் தரும் மாத்திரைகளில் எர்காட்டமைன், காஃபீன், பாராசிட்டமால் சேர்ந்தது ஒன்று உண்டு. எர்காட்டமைன் இரத்தக்குழாய்களைச் சுருக்கும். இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தொடவே கூடாது, கர்ப்பத்திலும் கூடாது. அதைச் சாப்பிடும்போது தொண்டைத் தொற்றுக்கு கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்கும் சேர்ந்தால் கை கால் விரல்களுக்கு இரத்தம் போவதே தடைபடலாம். டாக்டருக்குத் தெரியாமல் கைப்பையில் ஒரு மருந்து இருந்தால் இந்தச் சேர்க்கையை யார் தடுப்பது?

வாரம் மூன்று நாள் என்றால் மாதம் 12 நாளுக்கு மேல். இந்த வகை மாத்திரைகளை மாதம் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் மேலாகப் போட்டால் மாத்திரையே தலைவலியை உண்டாக்க ஆரம்பிக்கும். உங்களுக்கு இப்போது வருவதில் எவ்வளவு ஒற்றைத் தலைவலி (மைக்ரேன்), எவ்வளவு மாத்திரைத் தலைவலி என்றே சொல்ல முடியாது. அட்டையில் எர்காட்டமைன் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். முதல் சில நாள் வலி கூடும். அதைத் தாண்ட வேறு மருந்து கேளுங்கள். வலி வரும்போது போடும் சுமாட்ரிப்டான் மாத்திரையை எழுதிக் கொடுத்தால், கடைசியாக எர்காட்டமைன் போட்டு 24 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சுமாட்ரிப்டான் போட்டபின் நெஞ்சு இறுகினாற்போல் இருந்தால் சொல்லாமல் விடாதீர்கள்.

டோபிராமேட்? அக்காவுக்கு இளைத்தது சரி. விரல்கள் மரமரப்பு, பேசும்போது வார்த்தை நினைவுக்கு வராமல் திணறல், சிறுநீரகக் கல் இதெல்லாமும் அதோடு வரலாம். கணக்கு பார்ப்பவருக்கு இந்தத் திணறல் சின்ன விஷயமில்லை. அதைவிட முக்கியம், கருவில் உள்ள குழந்தைக்கு உதடு, அண்ணப் பிளவு வரும் வாய்ப்பை அது கூட்டும். குழந்தைக்கு முயற்சி செய்யும்போது வேண்டவே வேண்டாம். ஒற்றைத் தலைவலியைத் தடுக்கத் தரும் இன்னொரு மருந்தான வால்ப்ரோயேட்டும் அப்படித்தான், இன்னும் ஆபத்து. குழந்தைக்கு முயற்சி செய்வதை நரம்பியல் டாக்டரிடம் முதல் வரியாகச் சொல்லுங்கள், மருந்துத் தேர்வே மாறிவிடும். அதே வேலைக்குத் தரும் ப்ரொப்ரனலால் என்ற மருந்து பற்றிப் பேச்சு வந்தால் ஆஸ்துமா இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள்.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். ஒரு விஷயத்தில் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது: மருந்து கூடக் கூடத் தொந்தரவும் கூடியிருக்கிறது. டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், மெடிக்கல் மாத்திரை அட்டையோடு. காலண்டரில் வலி வந்த நாள், மாத்திரை போட்ட நாள் இரண்டையும் குறித்து எடுத்துப் போனால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். இடையில் திடீரென்று இதுவரை காணாத தலைவலி, கை கால் வலுவிழப்பு, பேச்சுக் குழறல் வந்தால் நேரே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், காலையில் தூக்கம் தெளியும் வரை ஸ்கூட்டி வேண்டாம். கம்பெனிக்குக் கணவர் கொண்டுபோய் விடட்டும்.