பிரசவம் பார்க்கும் கை: கேள்வி பதில்

லேபர் வார்டிலும், அப்புறம் ஏஎன்எம் (துணைச் செவிலியர்-மகப்பேறு உதவியாளர்) பயிற்சிப் பள்ளியிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

தருமபுரி, நர்சிங் மாணவி: ரத்தப்போக்கை எப்படிக் கணிப்பது சிஸ்டர்? நான் சொல்வது எப்போதும் குறைவாகவே இருக்கிறது.

எல்லோருக்கும் அப்படித்தான்மா. வகுப்பில் அரை லிட்டர் தண்ணீரில் பீட்ரூட் சாறு கலந்து மடித்த துணியில் ஊற்றிக் காட்டுவேன். "இருநூறு மில்லி இருக்கும்" என்பார்கள். 500 மில்லி போனாலே ஆபத்து. சோகை உள்ள பெண்ணுக்கு அவ்வளவுகூட வேண்டாம். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி 10 யூனிட் தொடையில் போட்டுவிடு. நஞ்சுக்கொடி விழுந்ததும் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இரு. கர்ப்பப்பை கெட்டியாக உருண்டு நிற்க வேண்டும். கொழகொழவென்று இருந்தால் தேய்த்துக்கொண்டே ஆளைக் கூப்பிடு.

விழுப்புரம், கிராம சுகாதார செவிலியர்: பத்து வருடமாக ஒரு பிரசவம்கூடப் பார்க்கவில்லை. பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. பிரசவங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் போனது தாய்மார்களுக்கு நல்லதுதான். ஆனால் 5000 பேருக்கு ஒருவராக ரெஜிஸ்டரும் தடுப்பூசியும் பார்த்துக்கொண்டிருந்தால் கை மறந்துவிடும். வழியில் ஆட்டோவிலேயே வலி முற்றினால் ஊர் உங்களைத்தான் கூப்பிடும். வருடத்துக்கு இரண்டு வாரமாவது 24 மணி நேர லேபர் ரூமில் டூட்டி கேளுங்கள். இதைத் துறையே கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து.

சென்னை வாசகர்: பிரசவத்துக்கென்றே தனிப் பயிற்சி உண்டா?

உண்டு. தெலங்கானா 2017-லேயே தொடங்கியது. 2018 டிசம்பரில் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. செவிலியர்களுக்கு 18 மாதப் பயிற்சி. அப்படிப் படித்து வந்தவரைக் காய்ச்சல் வார்டுக்கு மாற்றிவிட்டால் அத்தனையும் வீண்.

நீலகிரி வாசகர்: மலைக்கு வரும் நர்சுகள் ஏன் நிலைப்பதில்லை? சம்பளமா?

சம்பளமும்தான், ஒப்பந்த வேலை என்றால் இன்னும் அதிகம். ஆனால் நான் முதலில் போன மலையூரில் குவார்ட்டர்ஸ் கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லை. ராத்திரி நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டுப் படுப்பேன். எனக்கு முன்னால் வந்தவர் நான்கே மாதத்தில் போய்விட்டாராம். நான் இரண்டு வருடம் இருந்தேன். அடிவாரத்தில் ஒரு சீனியர் சிஸ்டர் இருந்தார். ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் போனை எடுத்து, "பதறாதே, இப்போது கை எங்கே இருக்கிறது சொல்லு" என்பார்.