34 இன்ச் அல்ட்ராவைடு (அகலத்திரை) மானிட்டர் 50 ஹெர்ட்ஸைத் தாண்டாததற்குக் காரணம்

வணக்கம் நண்பரே. 3440×1440 ரெசல்யூஷன், 144 ஹெர்ட்ஸ் (திரை ஒரு நொடியில் 144 முறை புதுப்பிக்கும்) மானிட்டரில் 50 ஹெர்ட்ஸ்தான் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மானிட்டரை அவசரப்பட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள். அநேகமாகச் சிக்கல் கேபிள் வழியில்தான்.

சிபியுவின் பின்புறம் பாருங்கள். யுஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில் செருகியிருந்தால் அது மதர்போர்டின் போர்ட். அதில் எச்டிஎம்ஐ (படத்தை மானிட்டருக்கு அனுப்பும் ஒரு வகை இணைப்பு) 1.4 வெர்ஷன் மட்டும் இருந்தால் இந்த ரெசல்யூஷனுக்குப் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், 2.0 என்றாலும் 100 வரைதான். கீழே படுக்கைவாட்டில் இருக்கும் கிராபிக்ஸ் கார்டிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட் (எச்டிஎம்ஐ போன்ற இன்னொரு வகை இணைப்பு) கேபிள் போடுங்கள். 2 மீட்டருக்குள் இருப்பது நல்லது. நீளம் கூடினால் திரை அடிக்கடி கறுத்துப் போகலாம். கழற்றும்போது பிளக்கின் மேலுள்ள கொக்கியை அழுத்திக்கொண்டே இழுங்கள், இல்லாவிட்டால் போர்ட்டே பிய்ந்துவிடும்.

பிறகு மானிட்டர் மெனுவில் டிஸ்ப்ளேபோர்ட் வெர்ஷன் 1.2 என்றிருந்தால் 1.4க்கு மாற்றுங்கள். 1.2 அனுப்பக்கூடிய தரவின் அளவு 144 ஹெர்ட்ஸுக்குப் போதாது. பலர் கோட்டைவிடும் இடம் இதுதான்.

கேபிளை மாற்றினாலும் விண்டோஸ் பல நேரம் 60இலேயே நிற்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் நீங்களே 144ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில் 144 இல்லையென்றால் கிராபிக்ஸ் கார்டின் பெயரையும் மானிட்டர் மாடலையும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.