பனிமலையில் ஓடும் பேஸ் வரி: வாசகர் கேள்வி பதில்

(வெலிங்டன் ராணுவ பேண்டில் 24 ஆண்டுகள் யூஃபோனியம் என்ற அடிக்குரல் ஊது வாத்தியம் வாசித்து ஓய்வு பெற்றவர், இப்போது குன்னூரில் பிள்ளைகளுக்கு பிராஸ் (பித்தளை ஊது) வாத்தியங்கள் சொல்லித் தருகிறார். வாசகர்களின் இசைக் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறார்.)

ஐயா, 1969-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் 'ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்'. பாண்ட் படங்களிலேயே அதன் இசைதான் உசத்தி என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். தேடிப் பிடித்துப் பார்த்தேன். டைட்டிலில் பாட்டுகூட இல்லை. அதில் எதைக் கேட்டு ரசிப்பது?
– வாசகி, கோத்தகிரி

டைட்டிலில் பாட்டு இல்லை என்றீர்களே அம்மா, அங்கிருந்தே தொடங்கலாம். அவ்வளவு நீளப் பெயரை வைத்துப் பாட்டு எழுதினால் எடுபடாது என்று இசையமைப்பாளர் ஜான் பேரி நினைத்தார். வாத்தியங்களையே பாட விட்டுவிட்டார். மறுபடி போட்டுப் பார்க்கும்போது, மேலே போகிற மெட்டைக் கொஞ்சம் மறந்துவிடுங்கள். அடியில் பேஸ் வரி, அதாவது அடிக்குரலில் போகிற வரி, ஒன்று விடாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் எங்கே போகிறது என்று தேடிப் பழகிய காது நம்முடையது, சிரமம் இருக்காது. அந்த பேஸில் மூக் என்ற சிந்தசைசரை, மின்சாரத்தில் சத்தம் உண்டாக்கும் வாத்தியத்தை, சேர்த்திருக்கிறார் பேரி. பாண்ட் படங்களில் அதற்கு முன் கேட்காத சத்தம் அது. அந்தக் கரகரப்பின் மேல் பிராஸ் செக்‌ஷன் ஏறி மெட்டை எடுக்கிறது.

24 வருஷம் நான் வாசித்தது நடுக்குரலும் அடிக்குரலும்தான். பரேடு மைதானத்தில் நிற்பவர்கள் காதில் டிரம்பெட்டும் கிளாரினெட்டும்தான் முதலில் விழும். ஆனால் நாங்கள் நாலு பேர் நிறுத்தினால் கால்கள் தடுமாறும். அதனால்தான் இந்தப் படத்தை முதல் தடவை ஊட்டி அசெம்பிளி ரூம்ஸில் பார்த்த அன்று, கேத்தி, அரவங்காடு வளைவுகளில் பஸ் இறங்கிக்கொண்டிருக்க, கதாநாயகன் முகம் ஞாபகத்தில் இல்லை, அந்த பேஸ் மட்டும் உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது.

படத்தின் நடுவே, ராத்திரியில் பாண்ட் மலை உச்சியிலிருந்து பனிச்சறுக்கில் தப்பி ஓடுகிற காட்சி வரும். சுவிட்சர்லாந்தில் ஷில்ட்ஹார்ன் என்ற மலை, 2,970 மீட்டர். நம்ம தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். டைட்டிலில் கேட்ட அதே இசை அங்கே திரும்பி வரும். சறுக்குகிறவனுக்குக் கால் ஊன்றி நிற்க இடமில்லை. அடியில் அந்த பேஸும் நிற்பதில்லை. சண்டைச் சத்தத்தில் இசை அமுங்கினாலும் அதைத் தொடர்ந்து போனால் காட்சி முழுக்க உங்கள் கையில் இருக்கும்.

இன்னொரு மெட்டு இருக்கிறது. அது இதற்கு நேர் எதிர். பாண்டும் டிரேசியும் காதலிக்கிற நாட்களைக் காட்டும்போது லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் பாடுவாரே, அந்தப் பாட்டு. எழுதியவர் ஹால் டேவிட். 'உலகத்து நேரமெல்லாம் நம்மிடம் இருக்கிறது' என்பதுதான் பல்லவி. ஆம்ஸ்ட்ராங் அப்போது உடம்பு முடியாமல் இருந்தார். அவ்வளவு பெரிய டிரம்பெட் மேதை, இந்தப் பாட்டில் பாடினார், ஊதவில்லை. 1971-ல் போய்விட்டார். அந்தக் குரலில் இருக்கிற நிதானத்தைக் கேளுங்கள். இனி கடைசிக் காட்சிக்கு வாருங்கள். கல்யாணம் முடிந்த கையோடு டிரேசியைச் சுட்டுவிடுகிறார்கள். கண்ணாடி உடைந்த காரில் அவளை மடியில் போட்டுக்கொண்டு, அவசரமில்லை, நேரம் நிறைய இருக்கிறது என்கிறான் பாண்ட். அதே மெட்டு அங்கே வருகிறது. ஆம்ஸ்ட்ராங் இல்லை, வார்த்தை இல்லை. முதல் தடவை காதலாகக் கேட்டதை இப்போது தாங்க முடியவில்லை. இசை தெரியாதவர்களுக்கும் இது புரியும், அம்மா. ஆனால் உடனே பாண்ட் டியூனை அதிரடியாகப் போட்டு முடிப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. ஒரு நிமிஷம் சும்மா விட்டிருக்கலாம்.

பேரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1933-ல் இங்கிலாந்தின் யார்க் நகரில் பிறந்தவர். அப்பா சினிமா தியேட்டர்கள் நடத்தினார். மகன் திரைக்கு எதிரிலேயே வளர்ந்தார், டிரம்பெட் கற்றார், ராணுவச் சேவையின்போது பேண்டில் வாசித்தார். அங்கிருந்தபடியே பில் ரூசோ என்ற ஜாஸ் இசைக்காரரிடம் தபால் வழியில் இசைக்கோர்வை படித்தார். பேண்ட் பாரக்ஸில் உட்கார்ந்து தபாலில் பாடம் படித்தவர் எழுதிய பிராஸ் அது. எந்த இடத்தில் மூச்சு எடுப்பார்கள் என்று தெரிந்து எழுதிய கை.

எல்லாருக்கும் தெரிந்த அந்த ஜேம்ஸ் பாண்ட் கிட்டார் டியூனும் பேரி போட்டதுதானே? நண்பன் இல்லை என்கிறான்.
– வாசகர், கூடலூர்

நண்பர் சொல்வது சரி. டியூன் மான்டி நார்மனுடையது. 1962-ல் 'டாக்டர் நோ' படத்துக்காக அதற்கு வாத்தியக் கோர்வை அமைத்தவர் பேரி, கிட்டார் வாசித்தவர் விக் ஃப்ளிக். மூன்று பேரும் சேர்ந்துதான் நாம் கேட்பது. இதில் நமக்கு நெருக்கமான சங்கதி ஒன்று உண்டு. வி.எஸ். நைபாலின் நாவல் ஒன்று டிரினிடாட் தீவில் குடியேறிய இந்தியக் குடும்பத்தைப் பற்றியது. அதை மேடை இசை நாடகமாக்க நார்மன் போட்டு வைத்திருந்த பாட்டிலிருந்து எடுத்த மெட்டுதான் இது. யார் போட்டது என்று பிற்பாடு லண்டனில் வழக்கே நடந்து, 2001-ல் நார்மன் ஜெயித்தார். ஆனாலும் பேரியின் பிராஸ் இல்லாமல் அந்த மெட்டு இவ்வளவு தூரம் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

மகன் பள்ளி பேண்டில் டிரம்பெட் வாசிக்கிறான். டிசம்பர் காலையில் சுருதி இறங்கிவிடுகிறது என்று திட்டு வாங்குகிறான். அவன் தப்பா?
– வாசகர், மஞ்சூர்

தப்பு அவனுடையது இல்லை. குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகப் போகும், குழாய்க்குள் சுருதி இறங்கும். வெலிங்டனில் உறைபனி நாட்களில் எங்களுக்கும் இதே கதைதான். மவுத்பீஸை சட்டைப் பைக்குள் போட்டு வைத்திருக்கட்டும். வாசிக்கும் முன் ஐந்து நிமிஷம் சத்தமில்லாமல் குழாய்க்குள் வெறும் மூச்சை ஊதச் சொல்லுங்கள். அப்புறமும் இறங்கியிருந்தால் டியூனிங் ஸ்லைடைக் கொஞ்சம் உள்ளே தள்ளட்டும்.