கோவையில் ஆய்வுக்கு மனிதத் தசைத் திசு எப்படிக் கிடைக்கும்?

கோவையில் தசைச் செல் ஆய்வு செய்யும் மாணவர் கேட்டிருக்கிறார்: உடல்தானத்தில் வரும் உடலிலிருந்து தசை எடுக்கலாமா?

உயிருள்ள செல் வேண்டுமென்றால் அது உதவாது. கெடாமலிருக்க ஃபார்மலின் என்ற மருந்து ஏற்றிய உடலில் செல் வளராது. அறுவை அரங்கில்தான் கேட்க வேண்டும். கபடியில் முழங்கால் ஜவ்வு கிழிந்து வருபவர்களுக்குப் பின்தொடைத் தசைநாணை எடுத்துப் புது ஜவ்வாகப் பொருத்துவார்கள். அந்த நாணில் ஒட்டியிருக்கும் தசையை வழித்துக் குப்பையில்தான் போடுகிறார்கள். உங்களுக்கு அது போதும்.

ஆனால் குப்பைக்குப் போவதுதானே என்று சும்மா அள்ளி வர முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி முதலில் நெறிமுறைக் குழு அனுமதி, அப்புறம் நோயாளியின் ஒப்புதல். மறுத்தாலும் சிகிச்சை மாறாது என்பதை அறுவைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். திசுவுக்கு விலை கிடையாது. படிவம் சத்தியமங்கலத்து அம்மிச்சி ஒருவருக்கும் புரிகிற தமிழில் இருக்கட்டும். பல படிவங்கள் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கின்றன.

பலரும் கோட்டை விடுவது எடுத்த பிறகுதான். செல் வளர்க்க என்றால் குளிர்ந்த வளர்ப்பூடகத்தில் (செல்லுக்கு ஊட்டம் தரும் திரவம்) போட்டு, ஐஸ் பெட்டியில் சீக்கிரம் ஆய்வகம் சேர்க்க வேண்டும். அவிநாசி சாலை நெரிசலையும் கணக்கில் வையுங்கள். நுண்ணோக்கிக்கு என்றால், திரவ நைட்ரஜனில் குளிரவைத்த ஐசோபென்டேன் என்ற திரவத்தில் உறையவையுங்கள். நைட்ரஜனில் நேரே போட்டால் சுற்றி ஆவிப்படலம் எழும், உறைதல் மெதுவாகும், பனிப்படிகம் தசையைத் துளைத்துவிடும்.