வீட்டை அடமானம் வைக்க வேண்டாம், மகளைப் பேட்டர்ன் அறைக்கு அனுப்புங்கள்

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் ஃபேஷன் டிசைன் மூன்றாம் ஆண்டு. வகுப்பில் மற்றவர்கள் அழகழகாக வரைகிறார்கள், இவளுக்கு ஓவியம் சுமார்தான். நள்ளிரவில் எழுந்து பார்த்தால் அப்பாவின் பழைய சட்டையைத் தையல் தையலாகப் பிரித்துத் தரையெல்லாம் பரப்பி வைத்திருக்கிறாள். ‘இவ்வளவு செலவு பண்ணிப் படிக்கவைத்தது டெய்லர் ஆகத்தானா?’ என்று அத்தையும் மற்ற சொந்தக்காரர்களும் கேட்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் பெரியப்பா ஒரு வழி சொல்லியிருக்கிறார்: வீட்டை அடமானம் வைத்து, பாரிஸிலோ மிலானிலோ லண்டனிலோ பெயர்பெற்ற கல்லூரியில் ஒரு முதுகலை, திரும்பி வந்ததும் அவள் பெயரிலேயே ஒரு லேபிள், அதாவது சொந்த ஆடை பிராண்டு. உங்கள் பயம் புரிகிறது. பிள்ளை போகிற வழி நமக்குப் பழக்கமில்லாததென்றால் எந்தப் பெற்றோருக்கும் தூக்கம் வராது.

ஆறுதல் இத்தோடு போதும். அந்த அடமானப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பெரியப்பா நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் கல்லூரிக் கட்டணத்தை மட்டும் கணக்கில் வைத்துப் பேசுகிறார். ஃபேஷன் படிப்பில் கட்டணத்துக்குப் பின்னால் இன்னொரு செலவு வரிசை நிற்கிறது. படிப்பின் முடிவில் செய்துகாட்ட வேண்டிய உடை வரிசை, அதாவது இறுதி கலெக்‌ஷனுக்கான துணி, மாடல், புகைப்படம், போர்ட்ஃபோலியோ எல்லாம் பெரும்பாலும் மாணவர் கைப்பணம். இன்டர்ன்ஷிப் பல இடங்களில் சம்பளமில்லாமல் நடக்கும், சம்பளம் கொடுத்தாலும் அந்த ஊர் வாடகைக்குக் காணாது. லேபிள் என்பது இதைவிடப் பெரிய பள்ளம். துணி ஆலைகள் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே ஆர்டர் எடுக்கத் தயங்கும். துணிக்கும் தையலுக்கும் பணம் முதலிலேயே போய்விடும். கடைக்காரர் விற்ற பிறகுதான் பணம் தருவார், விற்காததைத் திருப்பி அனுப்புவார். முதல் கலெக்‌ஷன் நன்றாகப் போனாலும், அந்தப் பணம் கைக்கு வருவதற்குள் அடுத்த கலெக்‌ஷனுக்குத் துணி வாங்கியாக வேண்டும். இந்தச் சுழலில் திறமைசாலிகளே மூச்சுத் திணறுகிறார்கள். ஒரு நாள்கூட வேலை பார்த்திராத பெண்ணை, தலைமேல் வீட்டுக்கடனோடு அதில் இறக்குவதை எந்தக் காலத்திலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்றும் கவனித்தேன். கடிதம் முழுக்கப் பெரியப்பா என்ன சொன்னார், அத்தை என்ன சொன்னார் என்றுதான் இருக்கிறது. மகள் சொன்னதாக ஒரே ஒரு வரி: “வரையறதைவிட இதுதாம்மா எனக்குப் பிடிச்சிருக்கு.” அந்த ‘இது’ என்னவென்று யாரும் அவளைக் கேட்டதாகத் தெரியவில்லை. லேபிள் வேண்டும் என்று அவள் எங்கேயும் சொல்லவில்லை.

அவள் தரையில் பரப்பிவைத்துச் செய்துகொண்டிருப்பது பேட்டர்ன் மேக்கிங், அதாவது துணியை எந்தெந்த வடிவத் துண்டுகளாக வெட்ட வேண்டும் என்று வரைந்து தரும் வேலை. மெர்ச்சண்டைசர், ஸ்டைலிஸ்ட், பூட்டிக் பற்றியெல்லாம் கல்லூரியிலேயே சொல்லியிருப்பார்கள், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். இதைப் பற்றித்தான் வீட்டிலும் பேச்சில்லை, மாணவர்களிடையேயும் பெரிய ஆசையில்லை.

டிசைனர் வரைந்து தருவது ஒரு படம். அதை அப்படியே தைக்க முடியாது. உடம்பு வளைவுகளால் ஆனது, துணியோ தட்டை. ஆரஞ்சுத் தோலை உரித்து மேசைமேல் அழுத்திப் பாருங்கள், ஓரங்கள் கிழியும். அந்தக் கிழிசல் எங்கே விழ வேண்டும், எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்து அதை டார்ட்டாகவோ (கூராக மடித்துத் தைக்கும் மடிப்பு) தையல் கோடாகவோ மாற்றுவதுதான் பேட்டர்ன் மேக்கரின் வேலை. படம் கண்ணுக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும், சட்டை தோளில் உட்காருமா, கையைத் தூக்கினால் இடுப்புவரை ஏறுமா என்பதெல்லாம் இவர் போடும் கோட்டில்தான் இருக்கிறது.

கைவேலை என்று குறைத்துப் பேசுகிறவர்களுக்காக உள்ளே நடக்கும் யோசனையைக் கொஞ்சம் சொல்கிறேன். 70 சென்டிமீட்டர் நீளச் சட்டை வேண்டும், துணி துவைத்தால் நீளவாக்கில் 5 விழுக்காடு சுருங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 70-இல் 5 விழுக்காடு 3.5 என்று கூட்டி 73.5-க்கு வெட்டினால், துவைத்த பிறகு 69.8தான் நிற்கும். 70-ஐ 0.95-ஆல் வகுத்து, ஏறக்குறைய 73.7-க்கு வெட்ட வேண்டும். நெய்த துணியில் சட்டைக் கையின் மேல்வளைவு, அது வந்து இணையும் கைக்குழியின் சுற்றளவைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால்தான் தோள் உருண்டு அமையும். இழுபடும் பின்னல் துணியில் அந்தக் கூடுதல் தேவையில்லை. நீச்சலுடைக்கோ உடம்பின் அளவைவிடச் சிறிதாகவே வெட்ட வேண்டும். பேன்ட்டில் ஓர் இழுப்புச் சுருக்கம் தெரிந்தால், அது எந்தப் பக்கம் கைகாட்டுகிறதோ அங்கே பிழையைத் தேட வேண்டும். உங்கள் மகள் அப்பாவின் சட்டையைப் பிரித்துத் தானாகப் படித்துக்கொண்டிருப்பது இதைத்தான்.

ஒரு சைஸுக்குப் போட்ட பேட்டர்னை மற்ற சைஸ்களுக்கு ஏற்றி இறக்குவது கிரேடிங். எல்லாப் பக்கமும் சமமாகப் பெரிதாக்கினால் உருப்படாது. மார்பு கூடும் அளவுக்குத் தோளும் கழுத்தும் கூடாது. பிறகு அந்தத் துண்டுகளை நூலோட்டம் (இழைகள் ஓடும் திசை) பிசகாமல் துணியின் அகலத்துக்குள் நெருக்கி அடுக்குவார்கள், அதற்கு மார்க்கர் என்று பெயர். பெருமளவில் தைக்கும் ஆடைகளில் துணிதான் மிகப் பெரிய செலவு. ஒரு சட்டைக்கு ஒன்றரை மீட்டர் பிடிக்கிறது, நல்ல கையொன்று அதில் 3 சென்டிமீட்டரை மிச்சம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10,000 சட்டை ஆர்டரில் 300 மீட்டர் மிச்சம், கிட்டத்தட்ட 200 சட்டைகளுக்கான துணி. இப்படிப்பட்ட ஆளை எந்தத் தொழிற்சாலை முதலாளி எளிதில் வெளியே விடுவார்?

பெரியப்பா பிரிட்டிஷ் டிசைனர் மெக்வீன் பெயரைச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சரி, அவரையே எடுத்துக்கொள்வோம். அலெக்சாண்டர் மெக்வீன் 16 வயதில் பள்ளியை விட்டு, தையலகங்களுக்குப் பெயர்போன லண்டன் சாவில் ரோ தெருவில் ஆண்டர்சன் அண்ட் ஷெப்பர்ட் தையலகத்தில் தொழில் பழகச் சேர்ந்தவர். பின்னாளில் லண்டனின் பெயர்பெற்ற ஃபேஷன் கல்லூரியான சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸின் படியேறியபோது அவர் கேட்டது மாணவர் இடமல்ல, பேட்டர்ன் கட்டிங் சொல்லித்தரும் வேலை. வேலை கிடைக்காமல் முதுகலையில் இடம் கிடைத்தது, 1992-இல் முடித்தார். பெரிய கல்லூரி வந்தது வெட்டத் தெரிந்த பிறகு. பாரிஸில் 1912-இல் தன் நிறுவனத்தைத் தொடங்கிய டிசைனர் மேடலின் வியோனே, சிறிய மரப்பொம்மையின் மேல் துணியைச் சுற்றிச் சுற்றியே உடைகளை உருவாக்கினார். துணியை 45 பாகைச் சாய்வில் வெட்டி உடம்போடு வழியவிடும் முறையில் அவரை இன்றும் பாடமாகப் படிக்கிறார்கள். ஸ்பானிய டிசைனர் பலென்சியாகா தானே வெட்டி, தானே தைத்துக் காட்டக்கூடியவர். இன்னொரு தகவல், எனக்கு மிகவும் பிடித்தது: 1969-இல் நிலவில் இறங்கியவர்களின் விண்வெளி உடையைத் தைத்துக் கொடுத்தது, பிளேடெக்ஸ் உள்ளாடைகளால் பெயர்பெற்ற நிறுவனத்தின் தையல் பெண்கள். அத்தையிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.

இந்த வேலையில் குறைகளும் உண்டு. ஆடையில் இவள் பெயர் இருக்காது. ஷோ முடிந்ததும் மேடையில் வந்து கைகூப்புவது டிசைனர்தான். முதல் சில ஆண்டுகள் பிறர் போட்ட பேட்டர்னைத் திருத்துவதிலேயே போகும், சம்பளமும் மெதுவாகத்தான் ஏறும். நாள் முழுக்க நின்று குனிந்து வேலை செய்வதால் முதுகு வலிக்கும். வெளிச்சம் தன்மேல் விழ வேண்டும் என்று ஏங்குகிற பிள்ளைக்கு நான் இதைப் பரிந்துரைக்கவே மாட்டேன். உங்கள் மகள் அப்படிப்பட்டவள் இல்லை என்று உங்கள் கடிதமே சொல்கிறது.

கம்ப்யூட்டர் வந்து இந்த வேலையைத் தின்றுவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு பகுதியைத் தின்றுவிட்டது. அட்டையில் வரைந்து, சைஸ் சைஸாகக் கையால் நகலெடுக்கும் வேலையைப் பெரிய தொழிற்சாலைகளில் இப்போது கெர்பர், லெக்ட்ரா மென்பொருள்கள் செய்கின்றன. குளோ போன்ற முப்பரிமாண மென்பொருளில் துணி உடம்பில் எப்படி விழும் என்று திரையிலேயே பார்த்துவிடலாம். ஆனால் அதற்குள் போடும் துண்டுகளை ஒருவர் வெட்டித்தான் ஆக வேண்டும். கோடு தவறாக இருந்தால் மென்பொருள் தவறான சட்டையைத்தான் அழகாகக் காட்டும். வெட்டத் தெரிந்து மென்பொருளும் தெரிந்தவருக்கு மதிப்பு கூடியிருக்கிறது. அதனால் இவள் மென்பொருளைத் தவிர்க்கக் கூடாது, இதில் சமரசம் வேண்டாம்.

பேட்டர்ன் அறைக்குள்ளேயே கிளைகள் நிறைய. உள்ளாடை தனி உலகம். கைப்பிடி அளவிலான ஒரு பிராவில் இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகள் இருக்கும், சில மில்லிமீட்டர் பிசகினாலும் அணிபவருக்கு நாள் முழுக்க வேதனை. விளையாட்டு உடை, தீயணைப்பு வீரர் உடை, மேடை நாடக உடை ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கணக்கு. சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கான பேன்ட்டில் முன்பக்கம் தாழ்ந்தும் பின்பக்கம் உயர்ந்தும் இருக்க வேண்டும், பின் பாக்கெட்டின் தடித்த தையல் உட்காரும் இடத்தில் உறுத்தக் கூடாது. இதைப் பற்றி யோசிக்கிறவர்கள் இன்னும் குறைவு. அனுபவம் ஏறினால் ஆடை உடம்பில் சரியாக அமைகிறதா என்று சோதிக்கும் ஃபிட் டெக்னீஷியன், அளவும் தையல் விவரமும் எழுதித் தரும் டெக்னிக்கல் டிசைனர் என்று மேலே போகலாம், தனியாக உட்கார்ந்து பல பிராண்டுகளுக்குப் பேட்டர்ன் போட்டும் கொடுக்கலாம்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கல்லூரியை மாற்ற வேண்டாம், படிப்பை முடிக்கட்டும். இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கும்போது டிசைன் பிரிவைக் கேட்காமல் பேட்டர்ன் மற்றும் சேம்பிள் (மாதிரி ஆடை) பிரிவைக் கேட்கட்டும். அங்கே போட்டி குறைவு, கற்றுக்கொள்வது அதிகம். போர்ட்ஃபோலியோவில் ஓவியங்களைக் குறைத்து, பேட்டர்ன் துண்டுகள், முதன்முறை உடுத்திப் பார்த்தபோது வந்த கோளாறு, திருத்திய கோடு, திருத்திய பின் எடுத்த படம் என்று வரிசையாக வைக்கட்டும். அந்தப் பழைய சட்டையும் அதில் இருக்கட்டும். நேர்காணலில் ஒரு படத்தைக் கொடுத்து அங்கேயே பேட்டர்ன் போடச் சொல்வது வழக்கம், அதற்கு நேரம் வைத்துப் பழக வேண்டும். செலவழிக்க ஆசைப்பட்டால், அந்த முதுகலைக் கட்டணத்தில் ஒரு துளியை எடுத்து நல்ல டிரெஸ் ஃபார்ம் (உடை பொருத்திப் பார்க்கும் உடம்பு வடிவப் பொம்மை) ஒன்றும் மென்பொருள் பயிற்சியும் வாங்கிக் கொடுங்கள்.

மூன்று, நான்கு ஆண்டுகள் சம்பளத்துக்கு வேலை பார்த்த பிறகும் முதுகலை வேண்டும் என்று அவளே கேட்டால், அப்போது பேசலாம். உதவித்தொகையும் அவள் சேமிப்பும் தாங்குகிற அளவுக்கு மட்டும். பெரியப்பாவுக்கு நீங்களே போன் செய்து சொல்லிவிடுங்கள், அந்தச் சங்கடத்தை மகள் தலையில் கட்ட வேண்டாம். அவர் கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.