ஸ்வீடனில் 107 இடம் வென்ற கட்சி எதிர்வரிசைக்குப் போக, 68 இடம் வென்ற கட்சியின் தலைவர் பிரதமரானது எப்படி?

2022 தேர்தலைத்தான் கேட்கிறீர்கள். அப்போது நான் ஸ்டாக்ஹோமில் வேலையில் இருந்தேன். வாக்குச்சாவடிக்கும் போனேன், ஆனால் பாதி வாக்காளனாக. அங்கே செப்டம்பர் மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மூன்று தேர்தல்கள் ஒன்றாக நடக்கும். நாடாளுமன்றத்துக்கு மஞ்சள் சீட்டு, நகராட்சிக்கு வெள்ளை, மண்டல சபைக்கு நீலம். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பதிவு செய்து வாழ்ந்த வெளிநாட்டவர் நீலமும் வெள்ளையும் போடலாம். மஞ்சள் குடிமக்களுக்கு மட்டும்.

வாக்கு முதலில் கட்சிக்குத்தான். நாடு முழுவதும் ஒரு கட்சி என்ன சதவீதம் வாங்குகிறதோ, ஏறக்குறைய அதே விகிதத்தில் இடங்கள் கிடைக்கும். தொகுதிக் கணக்கில் வரும் ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்டவே 39 இடங்களைத் தனியாக வைத்திருக்கிறார்கள். மொத்தம் 349. முன்பு 350 இருந்தது. 1973இல் இரு அணிகளும் ஆளுக்கு 175 வாங்க, சில முடிவுகளைக் குலுக்கல் போட்டு எடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த தேர்தலுக்கு ஓர் இடத்தைக் குறைத்துவிட்டார்கள்.

இந்த முறையில் ஒரே கட்சி பாதியைத் தாண்டுவது மிக அபூர்வம். அதனால் கூட்டிப் பார்க்க வேண்டும். அப்போதைய பிரதமர் மக்தலேனா ஆண்டர்ஸனின் சமூக ஜனநாயகக் கட்சி 107, இடது கட்சி 24, சென்டர் கட்சி 24, பசுமைக் கட்சி 18: ஆக 173. எதிரணியில் ஸ்வீடன் டெமாக்ரட்ஸ் 73, மாடரேட் 68, கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி 19, லிபரல் 16: ஆக 176. வாக்கில் வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. முதல் கணிப்பில் ஆண்டர்ஸன் அணி லேசாக முன்னால் இருந்தது, இரவு ஏற ஏற நிலைமை மாறியது. வெளிநாட்டிலிருந்து வந்த வாக்குகளையும் தாமதமாக வந்து சேர்ந்த முன்கூட்டிய வாக்குகளையும் புதன்கிழமைதான் எண்ணுவார்கள். அன்று மாலைதான் அவர் பதவி விலகப்போவதாக அறிவித்தார்.

பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் விதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. 175 பேர் ஆதரிக்க வேண்டும் என்பதில்லை, எதிர்ப்பவர்கள் 175ஐத் தொடாமல் இருந்தால் போதும். 2021 நவம்பரில் ஆண்டர்ஸனுக்கு ஆதரவாக 117 பேர், எதிராக 174 பேர். ஆனாலும் வென்றார்! சில மணி நேரத்திலேயே அவருடைய பட்ஜெட் தோற்று, பசுமைக் கட்சி அரசிலிருந்து விலக, ராஜினாமா செய்தார். சில நாள் கழித்து வெறும் 101 ஆதரவோடு மறுபடி பிரதமரானார். சிறுபான்மை அரசு அங்கே புதிதல்ல. ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் உட்கார்ந்து பேசியே தீர வேண்டும் என்பதை நான் நல்ல பழக்கமாகவே பார்க்கிறேன்.

சிறிய கட்சிகளுக்கு 4 சதவீதம்தான் உயிர். அதற்குக் கீழே போனால் பொதுவாக ஓர் இடமும் கிடையாது. அதனால் நட்புக் கட்சி மூழ்கிவிடக் கூடாதென்று அதற்கு வாக்கைக் கடன் கொடுப்பவர்கள் உண்டு. அதற்கு 'தோழர் நான்கு சதவீதம்' என்று பழைய பேரே இருக்கிறது.

சரி, 73 இடம் வாங்கிய ஸ்வீடன் டெமாக்ரட்ஸ் ஏன் பிரதமர் பதவியைக் கேட்கவில்லை? அதன் வேர்கள் இனவாத, நாஜி ஆதரவு வட்டாரங்களில் இருப்பதால் மற்றக் கட்சிகள் பல ஆண்டுகள் அதைத் தள்ளியே வைத்திருந்தன. அதன் தலைவர் பிரதமராவதை மற்ற மூன்று கட்சிகளும் ஏற்றிருக்காது. கடைசியில் டீடோ என்ற மாளிகையின் பெயரால் அழைக்கப்படும் ஓர் ஒப்பந்தத்தை நான்கு கட்சிகளும் போட்டன. அக்டோபர் 17 அன்று மாடரேட் தலைவர் உல்ஃப் கிறிஸ்டர்ஸன் 176க்கு 173 என்று தேர்வானார். ஸ்வீடன் டெமாக்ரட்ஸ் அமைச்சரவையில் சேரவில்லை, ஆனால் ஒப்பந்தத்தின் குடியேற்றப் பகுதி முழுக்க அவர்கள் வாசனைதான். குடியுரிமைக்கு எட்டு ஆண்டு வசிப்பு வேண்டும் என்பதும் அதில் இருந்தது. ஐந்து ஆண்டு முடிந்ததும் விண்ணப்பித்து, அடுத்த தேர்தலில் மஞ்சள் சீட்டும் போடலாம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தவன் நான். அந்தப் பக்கத்தைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.