கிளிநொச்சி அக்காவுக்கு: மகளின் கைக் காயம் நடிப்பா?

உங்கள் 15 வயது மகள் தன் கையைத் தானே காயப்படுத்தியிருக்கிறாள், நித்திரையும் குறைவு, இது நடிப்பா என்று எழுதிக் கேட்டிருந்தீர்கள். நடிப்பு இல்லை, அக்கா. மனச்சோர்வுள்ள 15 வயதுப் பிள்ளை தன்னையே காயப்படுத்துவது, பெரும்பாலும் தாங்க முடியாத வேதனையைக் கொஞ்ச நேரமாவது குறைக்கத்தான்.

ஒருமுறை செய்த பிள்ளை மறுபடியும் செய்யக்கூடும். பள்ளிக்கூடத்துக் கேலி, வீட்டுச் சண்டை எல்லாம் ஆபத்தைக் கூட்டும். நீங்கள் எழுதிய நித்திரைக் குறைவும் அப்படித்தான். அதைச் சின்ன விஷயமாக விடாதீர்கள்.

இன்றைக்கே, ஏசாமல், "சாக வேணும் போல இருக்கா?" என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. வயலுக்கு அடிக்கிற மருந்தையும் மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள்.

"ஓம்" என்றால் தனியே விடாமல் உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். 1926 மனநல உதவி இலக்கத்துக்கு எந்நேரமும் எடுக்கலாம். "இல்லை" என்றாலும் இந்தக் கிழமையே மனநல வைத்தியரிடம் காட்டுங்கள். பயத்தில் பிள்ளை மறைக்கலாம்.